வைவா முடிஞ்சிருச்சு, இப்ப நிஜமான நன்றி

தீசிஸ்ல நன்றி பக்கம் போட்டிருக்கேன், ஆனா அது ரொம்ப டீசன்ட்டா எழுதினது, நடந்தத இங்கதான் சொல்ல முடியும்.

தெரியாதவங்களுக்கு, என் வேலை டாக்ஸோபிளாஸ்மாங்கற ஒட்டுண்ணி மேல, மலேரியா கிருமிக்கு சொந்தக்காரன். ஒரு செல்லுக்குள்ள புகுறதுக்கு இவனுக்கு அரை நிமிஷமே ஜாஸ்தி. ஆனா அதுக்கு முன்னாடி தனக்குள்ள சேத்து வெச்சிருக்கற கால்சியத்த திறந்து விடணும், அது ஏறினாதான் மைக்ரோநீம்ங்கற குட்டி பைகள்ல இருந்து ஒட்டிக்கற புரோட்டீன் வெளிய வரும், அத பிடிச்சுக்கிட்டுதான் வழுக்கிப் போயி உள்ள நுழைவான். அந்த ஏத்தத்த வீடியோ பிடிக்கணும், அவ்ளோதான் என் வேலை.

அவ்ளோதான்னு சொல்லிட்டேன், நாலு மாசம் போச்சு. கால்சியத்தோட சேந்தா மின்னற ஃப்ளுவோ-4ங்கற டை போட்டா பச்சையா சூப்பரா மின்னுது, ஆனா ஒருத்தனும் செல்லுக்குள்ள போக மாட்டேங்கறான், டை போடாத தட்டுல மட்டும் ஜோரா போறானுங்க. நான் சீரத்த திட்டினேன், செல்ல திட்டினேன், என் ராசியையும் திட்டினேன். லேப் சீனியர் அக்கா வந்து நோட்புக்க ஒரு நிமிஷம் பாத்தாங்க, "இவ்ளோ டையா போடற? அது கால்சியத்த காட்டறதுக்கு பதிலா மொத்தமா பிடிச்சு வெச்சுக்குதுடா"ன்னாங்க. அளவ குறைச்சதும் அந்த வாரமே வீடியோ கிடைச்சுது. அக்கா, பிரியாணி கடன் இன்னும் பாக்கி.

பாட்டில் கழுவற அண்ணனுக்கு பெரிய கும்பிடு. வெளிய கால்சியமே இல்லாத பஃபர் கரைசல்ல செய்யற பரிசோதனைக்கு சாதா தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் ரிசல்ட் கெட்டுடும், அவரு எனக்குன்னே பிளாஸ்டிக் பாட்டில் தனியா வெச்சு சிவப்பு டேப் ஒட்டி யாரையும் தொடவிடல. மைக்ரோஸ்கோப் ரூம் சாருக்கும் நன்றி, ராத்திரி ஸ்லாட் எல்லாம் எனக்கே.

கைடுகிட்ட மன்னிப்பும் சேத்து கேக்கணும். கால்சியம் ஏறினா வேலைய ஆரம்பிக்கற, ஒட்டுண்ணியோட சிடிபிகே1ங்கற கைனேஸ் என்சைம அடைச்சு, ஒப்பிட்டுப் பாக்க ஒரு கன்ட்ரோல் பண்ண சொன்னப்ப மனசுக்குள்ள திட்டினேன். செடிகள்ல இருக்கற மாதிரி கைனேஸ் அது, நம்ம உடம்புல கிடையாது, அதனாலதான் மருந்து தேடறவங்களுக்கு அது மேல கண்ணு. அத அடைச்சிட்டு, கால்சியத்த வலுக்கட்டாயமா ஏத்தற அயனோஃபோர்ங்கற கெமிக்கல் போட்டா கால்சியம் ஏறுது, ஆனா பைகள் திறக்கல. வைவால முதல் கேள்வியே அதுதான்!

கடைசியா ஜூனியர் தம்பி. நான் காய்ச்சல்ல படுத்த பத்து நாளும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒட்டுண்ணி கல்ச்சர புது செல்லுக்கு மாத்திட்டு ஒரே வரி மெசேஜ் போடுவான், "எல்லாரும் நலம்". நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாளும் கேக்கல, பாவி.