மீதி நிலத்தின் கணக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும், அத்துடன் வைத்திருந்த வரைபட நகலும் கிடைத்தன. மன்ற உறுப்பினராகிவிட்டீர்கள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காலமெல்லாம் நிலங்களுக்கு மதிப்புப் போட்டவனுக்கு, உங்கள் வரைபடத்தின் பொடி எழுத்துகளே முதல் சோதனையாக வந்து சேர்ந்தன.

புதிய சாலைக்கு நிலம் இழப்பவர்களுக்கு எதை வைத்து இழப்பீடு கணக்கிடுவது என்று கேட்டிருந்தீர்கள். விற்றே ஆக வேண்டிய நெருக்கடி இல்லாதவர் விற்று, வாங்கியே ஆக வேண்டிய அவசரம் இல்லாதவர் வாங்கினால் என்ன விலை படியுமோ, அதுவே சந்தை மதிப்பு. பெரும்பாலான சட்டங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதை அக்கம்பக்கத்து விற்பனைப் பத்திரங்களைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் உள்ள இடங்களில், அந்தப் பத்திரங்களே பிற்பாடு உரிமையாளருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், கிராமப்புற நிலமானால் சந்தை மதிப்பை 2 மடங்கு வரை பெருக்கவும், அதன்மேல், நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காக, 100 சதவீதம் ஆறுதல் தொகை சேர்க்கவும் வழி செய்கிறது.

ஆனால் இவ்வளவும் எடுக்கப்படும் துண்டுக்கான கணக்கு. உங்கள் வரைபடத்தில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது, சாலைக்கோடு குறுக்கே வெட்டிச் செல்லும் அந்த நீண்ட வயலைத்தான். கிணறு ஒரு பக்கமும், அதன் நீரை நம்பியிருக்கும் பெரும்பகுதி மறுபக்கமும் நிற்க, ஓரத்தில் ஏர் திரும்பக்கூட இடமில்லாத ஒரு முக்கோணம் மிஞ்சுகிறது. சாலைக்குப் போகும் பரப்பை மட்டும் அளந்து பணம் கொடுத்தால், அந்த உரிமையாளரின் இழப்பில் பாதியைக்கூட நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். சாலைக்கு முன் முழு நிலத்தின் மதிப்பு என்ன, சாலைக்குப் பின் மீதி நிலத்தின் மதிப்பு என்ன என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுப்பதே நேர்மையான வழி என்பது என் துணிபு.

சாலை வந்தால் மீதி நிலத்தின் விலை ஏறுமே, அதைக் கழிக்க வேண்டாமா என்று மன்றத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1897இல், வாஷிங்டன் நகரத் தெருக்கள் பற்றிய வழக்கில், அப்படிக் கழிப்பது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. ஒரு சாண் நிலமும் இழக்காத பக்கத்து நிலத்துக்காரர் அதே விலையேற்றத்தை இலவசமாகப் பெறும்போது, நிலம் கொடுத்தவர் மட்டும் அதற்கு விலை செலுத்துகிறார். கழிப்பதானால், மீதி நிலத்துக்கு நேர்ந்த சேதத்தில் மட்டும் கழியுங்கள். எடுத்த துண்டின் விலையில் கை வைக்காதீர்கள்.

நிலமே எடுக்கப்படாத வீடுகளையும் மறந்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய சாலையின் இரைச்சலாலும் புகையாலும் மதிப்புக் குறைந்த வீட்டின் உரிமையாளர், சாலை திறந்து ஓராண்டு கழிந்ததும் இழப்பீடு கோரலாம்.

அந்தக் கிணற்றுக்கு வருகிறேன். சாலைக்கு அடியில் ஒரு குழாய் பதித்துத் தண்ணீரை மறுபக்கம் கொண்டுபோக முடியுமானால், பெரும் இழப்பீட்டைவிட அதற்குச் செலவு குறைவாகவே பிடிக்கும், வயலும் பிழைக்கும். வரைபடத்தில் அதற்கு இடம் விட்டிருப்பதாகத் தெரியவில்லை. மண் கொட்டத் தொடங்குவதற்கு முன் பொறியாளரிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்