ஒரே மேசையில்

அன்புள்ள மகளுக்கு,

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்களுக்கும், வகுப்பறையில் ஒருவர் இருவராக மட்டுமே காணப்படும் சமூகங்களின் பிள்ளைகளுக்கும் துணைநிற்க உன் கல்லூரி தொடங்கவிருக்கும் கூட்டுத் திட்டத்துக்கு உன்னை ஒருங்கிணைப்பாளராக நியமித்திருக்கிறார்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். வாழ்த்தோடு முடித்துக்கொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். முப்பது ஆண்டுகள் கல்லூரி அலுவலகக் கவுண்டருக்கு உட்புறம் இருந்தவனுக்கு அது முடியவில்லை.

உதவித்தொகை வந்து சேராததால் தேர்வுக் கட்டணம் செலுத்த முடியாத மாணவன் ஒருவன், அவகாசம் கேட்டு ஒரே நாளில் நான்கு முறை என் முன் வந்து நின்றான். துறைத்தலைவரின் கையொப்பம் வேண்டும் என்று நான் அனுப்பினேன். துறையில் விடுதிக் காப்பாளரின் சான்று கேட்டார்கள். விடுதியிலோ அலுவலக ரசீது இல்லாமல் சான்று தர இயலாது என்றார்கள். கடைசி முறை வந்தபோது அவன் கையிலிருந்த விண்ணப்பம் வியர்வையில் நனைந்து மடிப்போரம் கிழிந்திருந்தது. எங்களில் எவரும் அவனைக் கடிந்து பேசவில்லை, விதியை மீறவும் இல்லை. அடுத்த பருவத்து வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. அவனுடைய மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன என்பதைக் கோப்பை மூடும்போதுதான் கவனித்தேன்.

ஆகவே, கூட்டுத் திட்டம் என்பது முதலில் அலுவலகங்கள் தங்களுக்குள் கூடுவதாக இருக்கட்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல், இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகை போக மீதமுள்ள கட்டணம், பாடநூல் உதவி, பயண அட்டை, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்றாண்டுகளில் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 40 சதவீதத்தினரும் சேராதவர்களில் 22 சதவீதத்தினரும் பட்டயம் பெற்றார்கள். மாதந்தோறும் கிடைக்கும் பயண அட்டையை ஆலோசகரைச் சந்திப்பதோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். அந்தச் சாமர்த்தியத்தை, பழைய குமாஸ்தா என்ற முறையில், நான் மிகவும் ரசித்தேன்.

பாடத்தைப் பொறுத்தவரை, "பின்தங்கியோர் சிறப்பு வகுப்பு" என்ற பெயர்ப்பலகையை மட்டும் தயவுசெய்து மாட்டிவிடாதே. அமெரிக்காவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பெர்க்லி வளாகத்தில் 1970களின் பிற்பகுதியில் யூரி ட்ரைஸ்மன் என்பவர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தார். ஊக்கமில்லை, வீட்டில் அக்கறையில்லை என்று பேராசிரியர்கள் ஊகித்த காரணங்கள் எவையும் நிற்கவில்லை. அம்மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியே அறைக்குள் அமர்ந்து உழைத்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, எந்தக் கணக்கு எல்லோரையும் திணறடித்தது என்பதைத் தெரிந்துகொண்டார்கள். தனியே திணறுபவனுக்குக் குறை தன்னிடமே இருப்பதாகத்தான் தோன்றும். ட்ரைஸ்மன் அமைத்த பயிலரங்கில் எளிய கணக்குகளைக் கொடுக்கவில்லை, வழக்கத்தைவிடக் கடினமானவற்றைக் கொடுத்துச் சேர்ந்து போடச் சொன்னார்; தேர்ச்சியும் உயர்ந்தது. உன் கணிதத் துறையினரிடம் இதைச் சொல், முதலில் முகம் சுளிப்பார்கள்.

வழிகாட்டும் மூத்த மாணவர்களுக்கு ஊதியம் கொடு. சான்றிதழ் மட்டும் தருவதாக இருந்தால், பகுதிநேர வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை அந்தப் பொறுப்புக்கு வரவே மாட்டான், யாருடைய சொல் அங்கே மிகவும் எடுபடுமோ அவன்தான் விடுபட்டுப் போவான். தொடக்க விழாவை எவ்வளவு சிறிதாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சிறிதாக வை.

திட்டத்துக்கான விண்ணப்பப் படிவத்தின் வரைவு தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அதில் எத்தனை கையொப்பங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால், எதை அடிக்கலாம் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா