கண்டிக்கலாம், கொளுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2005இல் டென்மார்க் பத்திரிகை ஒன்று நபிகளைப் பற்றி 12 கேலிச்சித்திரங்கள் போட்டது, அடுத்த வருடம் சிரியத் தலைநகர் டமஸ்கஸில் டென்மார்க் தூதரகமே எரிந்தது. இந்தப் பேச்சு வந்தாலே எங்கள் வவுனியாத் தேநீர்க் கடைகளில் ‘அவங்கள் அப்படித்தான்’ என்று முஸ்லிம்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2021 டிசம்பரில் பாகிஸ்தானின் சியால்கோட் தொழிற்சாலையில் நம் நாட்டு முகாமையாளர் ஒருவரை, மத வாசகம் இருந்த சுவரொட்டியை அகற்றினார் என்று கும்பல் அடித்துக் கொன்று எரித்தது, மனம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவரைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்து நின்றவரும் கூட வேலை செய்த ஒரு முஸ்லிம்தானே!

சரி, நம் நாட்டில் என்ன நடந்தது? பிக்குகளைப் பற்றிச் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார 2019இல் நான்கு மாதம் சிறையில் இருந்தார். பக்கத்து மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீமைக் கவிதைக்காக 2020இல் பிடித்து ஒன்றரை வருடம் அடைத்தார்கள், 2023இல் நீதிமன்றம் விடுவித்தது. அவை தமிழ்க் கவிதைகள், அப்போது தமிழில் எழுதும் நாம் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

மனம் புண்பட்டவர் கண்டிக்கட்டும், வழக்குப் போடட்டும். சத்குமாரவைப் பிடித்த 2007ஆம் ஆண்டு ICCPR (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று உங்கள் பத்திரிகை விளக்கமாக எழுத வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வவுனியா.