உமி பசுமைதான், உப்புநீர்?

ஐயா,

நெல் உமியிலிருந்து நானோ சிலிக்கா (மணலில் உள்ள சிலிக்காவே, மிக நுண்ணிய துகள்களாக) எடுப்பதைப் பசுமைத் தொழில்நுட்பம் என்று பாராட்டுகிற செய்திகள், கழுவிய நீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். நன்கு எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். வழக்கமாக அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் காய்ச்சி, வடிகட்டிக் கிடைக்கும் சோடியம் சிலிக்கேட்டில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அமில-கார அளவான பி.எச். 7-ஐ நெருங்கும்போது சிலிக்கா கூழாகத் திரளும். ஒரு மோல் சிலிக்காவுக்கு இரண்டு மோல் காஸ்டிக் சோடா என்று வைத்தால், 60 கிராம் சிலிக்காவுக்கு 80 கிராம் சோடாவும் 98 கிராம் அமிலமும் செலவாகி, 142 கிராம் சோடியம் சல்பேட் வெளியேறும். சரக்கைவிட இரு மடங்குக்கும் மேல் உப்பு! அமிலத்துக்குப் பதில், உமி எரியும் புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தலாம். அப்போது உருவாகும் சோடியம் கார்பனேட்டோடு சுண்ணாம்பு சேர்த்தால் காஸ்டிக் சோடா திரும்பக் கிடைக்கும்.

சோடாவே வேண்டாம் என்றால், உமியைச் சூடான நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசி, 600 டிகிரி செல்சியஸ் அளவில் காற்றோட்டத்துடன் எரிக்கலாம். அலசுவது பொட்டாசியத்தைப் போக்கத்தான். அது தங்கினால் சிலிக்கா உருகிக் கரியை உள்ளே பூட்டிவிடும், சாம்பல் வெளுக்காது. வெப்பம் மிகவும் ஏறினால் படிகச் சிலிக்கா உருவாகும். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஈரக் கூழை அப்படியே அடுப்பில் உலர்த்துவது இன்னொரு தவறு. நீர் வற்றும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். எத்தனாலில் கழுவியோ உறைநிலையிலோ உலர்த்தினால் இது குறையும்.

டயர், கான்கிரீட்டுக்குச் சிலிக்காவே போதும். மின்கலத்துக்குத்தான், சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனை நீக்கிய சிலிக்கான் தேவை. அதற்கு 60 கிராம் சிலிக்காவை 48.6 கிராம் மக்னீசியத்துடன் கலந்து, வினைபுரியாத ஆர்கான் வாயுச் சூழலில் 650 டிகிரியில் சூடாக்க வேண்டும். கணக்குப்படி 28 கிராம் வரும், கைக்கு வருவது அதைவிடக் குறைவு. வினையே பெரும் வெப்பத்தைக் கக்குவதால் நுண்துளைகள் உருகி மூடிக்கொள்ளும். அந்த வெப்பத்தை உறிஞ்சச் சாதாரண உப்பையே கலக்கிறார்கள். பிறகு தண்ணீரில் கரைத்து மீட்டுக்கொள்ளலாம். மக்னீசியம் மிகுந்தால் மக்னீசியம் சிலிசைடு உண்டாகும். வினையில் மிஞ்சும் மக்னீசியம் ஆக்சைடைக் கழுவும் அமிலம் சிலிசைடின்மேல் பட்டதும் சிலேன் (சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த) வாயு கிளம்பிக் காற்றில் தானாகவே தீப்பற்றும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஏற்ற செய்முறை அல்ல இது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்