17-ஆம் நம்பர் கவர் எங்கே? கடிகாரக் கோபுர ரயில் நிலைய செட் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கிருஷ்ணகிரி (முழு முகவரியும் ஆர்டர் எண்ணும் உறையின் மேல்)
நாள்: செப்டம்பர் 22

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ரயில் நிலைய செட்டில், ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்கள் நம்பர் போட்ட 24 கவர்களில் வர வேண்டும். அதில் 17-ஆம் கவர் வரவில்லை. இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்குக்கும் உருப்படியான பதில் ஒன்றும் வரவில்லை. அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். யாராவது ஒரு மனிதர் உறையைக் கிழித்துப் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 28 அன்று உங்களிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அதில் 14-ஆம் நம்பர் கவர் இருந்தது. நான் கேட்டது 17. இதோடு என்னிடம் மூன்று 14-ஆம் நம்பர் கவர்கள் இருக்கின்றன. அன்று மாலையே உங்கள் தளத்தில் என் புகாருக்கு நேராக 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் போட்டுவிட்டீர்கள். என்ன தீர்ந்தது? பிளாட்பார பெஞ்சுகளும் விளக்குக் கம்பங்களும் மூன்று மடங்கு சேர்ந்துவிட்டன. கோபுரத்தில் கடிகாரம் இல்லை. 17-ஆம் கவரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முள் சுற்றும் கியர்கள், நாலு பக்க முகப்பு, வளைவு ஜன்னல்கள், மொத்தம் 118 பாகங்கள். செட்டின் பெயரிலேயே கடிகாரக் கோபுரம் இருக்கிறது. அது இல்லாமல் அது என்ன செட்?

முதலில் இருந்து சொல்கிறேன். ஜூன் 8 அன்று பெட்டி வந்தது. விலை 18,499 ரூபாய், சீட்டு எடுத்த பணத்தில் வாங்கினேன். என் சம்பளத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் மாற்ற வேண்டியிருந்தது, அதைத் தள்ளிப்போட்டுவிட்டு இதை வாங்கினேன். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களுக்குன்னு இதுவரைக்கும் என்ன வாங்கியிருக்கீங்க, வாங்குங்க" என்றுதான் சொன்னாள். அவள் முகத்தை இன்று நேராகப் பார்க்க முடியவில்லை.

இந்த செட்டை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத் தலைநகரம், ஆனால் ஊரில் ரயில் கிடையாது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து இங்கே குறும்பாதை ரயில் வந்தது. தாத்தா சின்னப் பையனாக அதில் போயிருக்கிறார். இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே அந்தப் பாதை போய்விட்டது. அப்புறம் இன்றுவரை ரயில் ஏற வேண்டும் என்றால் நாங்கள் வேறு ஊருக்குத்தான் போகிறோம். தாத்தா சாகும்வரை அந்த ரயிலைப் பற்றிப் பேசினார். ஒரு ரயில் நிலையத்தைக் கூடத்தில் வைக்க வேண்டும், அதன் கோபுரத்தில் கடிகாரம் சுற்ற வேண்டும் என்பது எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஜூலை 9 அன்று மதியம் 12.40-க்கு உங்கள் சேவை மையத்தில் பேசியவர் எனக்குச் சொன்னது இதுதான்: "சார், ஒரு பொம்மைக்குப் போய் இவ்வளவு டென்ஷனா? குழந்தைக்கு எத்தனை வயசு? வேற ஏதாவது வாங்கிக் குடுங்க, மறந்துடும்."

ஐயா, குழந்தைக்கு இல்லை, எனக்கு என்று சொன்னேன். ஒரு நொடி சத்தம் இல்லை. அப்புறம் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. மறுபடி லைனுக்கு வந்து, "உங்க வயசுக்கு இதெல்லாம் தேவையா சார்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் லைனை ஹோல்டில் போட்டார். 26 நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு கட் ஆனது. நான் அப்போது கேன்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போனது.

என் வயதுக்குத் தேவையா என்று கேட்கிறாரே, உங்கள் பெட்டியின் மேல் வலது மூலையில் 18+ என்று அச்சடித்திருப்பது யார்? இதேபோன்ற செட் செய்யும் டென்மார்க்கின் லெகோ நிறுவனமே பெரியவர்களுக்கென்று 18+ போட்டுத் தனியாக செட் விற்கிறது. உலகம் முழுக்க எங்களைப் போன்ற பெரியவர்கள் இதைக் கட்டுகிறார்கள், சேர்க்கிறார்கள், பாகம் பாகமாகத் தேடி வாங்குகிறார்கள். தனிப் பாகங்களை வாங்கி விற்பதற்காகவே 2000-ல் தொடங்கிய பிரிக்லிங்க் தளத்தை 2019-ல் லெகோவே வாங்கிக்கொண்டது. பெரியவர்கள் கொட்டும் பணத்துக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. எங்களிடம் 18,499 ரூபாய் வாங்கும்போது வராத சிரிப்பு, 118 பாகம் கேட்கும்போது மட்டும் எப்படி வருகிறது?

கோபத்தில் வரிசை மாறிவிட்டது, மன்னிக்கவும். கவர் இல்லை என்று எப்போது தெரிந்தது என்று உங்கள் படிவம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஜூன் 21. முதல் 12 கவர்கள் மேலே இருந்தன. 13 முதல் 24 வரை சீல் வைத்த உள்பெட்டியில் இருந்தன. 12 முடித்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். திறந்த உடனேயே 14 இரண்டு இருப்பதும் 17 இல்லாததும் தெரிந்தது. அரை மணி நேரத்தில் உங்களுக்கு போன் செய்தேன். அப்போது பேசிய பெண் மரியாதையாகப் பேசினார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன பதில், "ஏழு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும் சார்."

2,964 பாகங்கள் உள்ள செட்டை வேலைக்குப் போகிற எவனாவது ஏழு நாளில் கட்டி முடிப்பானா? ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாக. ஒரு கவரைத் திறந்து, நிறம் பிரித்துத் தட்டில் கொட்டி, அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. இந்த வேலையின் சுகமே அதுதான். எல்லாக் கவரையும் முதல் நாளே கிழித்துக் கொட்டினால் பாகம் எது எங்கே என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கவருக்கு நம்பர் போட்டுக் கொடுத்தவர்களே நீங்கள்தான். அதன்படி கட்டியது என் தப்பா?

இன்னொன்று. கவர் மட்டும் பிரச்சினை இல்லை, பாகங்களின் தரமும் சரியில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஒசூர் சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் 19 வருஷமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். பாகத்தின் மேல் நிற்கும் குமிழின் விட்டம் 4.8 மில்லி, குமிழுக்குக் குமிழ் 8 மில்லி, பிரிக் என்கிற கட்டையின் உயரம் 9.6, பிளேட் என்கிற தட்டையான பாகம் 3.2. மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு பிரிக் உயரம் வர வேண்டும். இது உங்களுக்கும் தெரியும். 1958 ஜனவரி 28-ல் லெகோ காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தப் பிடிமான முறையில்தான் நீங்களும் செய்கிறீர்கள். லெகோவின் அன்றைய பிரிக் இன்றைய பிரிக்கோடு கச்சிதமாக உட்காருகிறது. உங்கள் செட்டிலேயே 9-ஆம் கவரின் பழுப்பு 1x2 பிளேட்டுகள் 20-ஆம் கவரின் வெள்ளை பிரிக்கில் நிற்கவில்லை. தலைகீழாகப் பிடித்தால் உதிர்கின்றன. மைக்ரோமீட்டர் வைத்து 40 பிளேட்டுகளை அளந்தேன். ஒன்பதில் குமிழ் 4.74-க்குக் கீழே. இந்த வேலையில் அரை நூலும் இல்லை, ஒரு தலைமுடி அளவு போனாலே பிடி போச்சு.

கூரையின் சிவப்பு டைல்கள் இரண்டு நிறத்தில் வந்திருக்கின்றன. வேறு வேறு பேட்ச் கலர் என்று பார்த்த உடனே தெரிகிறது. கரும்பச்சைத் தூண்களில் வெள்ளிக் கோடு ஓடுகிறது. இந்தப் பாகங்கள் செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஈரத்தை இழுக்கும் பொருள். 80 டிகிரியில் இரண்டு முதல் நாலு மணி நேரம் காயவைத்துத்தான் மெஷினில் கொட்ட வேண்டும். அதை அவசரப்படுத்தினால் இந்தக் கோடுதான் வரும். எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு டிரே வெளியே போயிருந்தால் ஷிப்ட் சூப்பர்வைசருக்கு அன்றே மெமோ. சரி, நிறத்தையும் கோட்டையும் கூட நான் பொறுத்துக்கொள்வேன். கவரைக் கொடுங்கள் என்றுதான் மூன்று மாதமாகக் கேட்கிறேன்.

இனி பெங்களூர் பயணம். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஜூலை 14-ல் உங்கள் மின்னஞ்சல் வந்தது. "கட்டிய நிலையில் உள்ள பொருளைச் சேவை மையத்துக்கு நேரில் கொண்டு வரவும்" என்று. கொரியரில் அனுப்பலாமா என்று கேட்டேன், கூடாது என்றீர்கள். 17-ஆம் தேதி சம்பளம் இல்லாத விடுப்பு போட்டேன். மாம்பழ சீசன், மண்டியிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி, உள்ளே வைக்கோலும் பழைய துண்டும் வைத்து, பாதி கட்டிய நிலையத்தை அதில் இறக்கினேன். காலை ஐந்தரை பஸ். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மேலே வைக்கவில்லை, கீழே வைக்கவில்லை. அத்திப்பள்ளி தாண்டியதிலிருந்து டிராஃபிக். சில்க் போர்டில் இறங்கி ஆட்டோ பிடித்து உங்கள் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

வாசலில் ஒரு மணி நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். டோக்கன் கொடுத்தார்கள். என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இங்கே ரிமோட் காரும் டிரோனும் மட்டும்தான் சார். பிரிக் செட்டுக்கு ஸ்பேர் வைக்கிறதே இல்லை. உங்களை யார் வரச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

உங்களை யார் வரச் சொன்னாங்க! உங்கள் மின்னஞ்சலைக் காட்டினேன். "அது வேற டிபார்ட்மென்ட்" என்றார். அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பினேன். வரும்போது சூளகிரிக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. பெட்டிக்குள் கலகலவென்று சத்தம். வீட்டில் திறந்து பார்த்தால் மேற்கு வாசல் முழுக்க இடிந்து, கோபுரத்தின் அடித்தளம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஆறு வார வேலை. என் பையன் பத்தாவது படிக்கிறான், அவனும் என்னோடு உட்கார்ந்து கட்டியவன். ஒன்றும் பேசாமல் பாகங்களைப் பொறுக்கித் தட்டில் போட்டான்.

'வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று உங்கள் மூன்றாவது மின்னஞ்சலில் ஒரு யோசனை வேறு. வேறு நிறுவனத்தின் பாகம் உங்கள் குமிழில் உட்காரும், சரி. உங்கள் க்ரீம் நிறமும் அவர்களுடைய க்ரீமும் ஒன்றா? அந்த முகப்பில் அச்சடித்த எண்கள் வேறு யாரிடம் கிடைக்கும்? வெளிநாட்டிலிருந்து தருவித்தால் பாகத்தின் விலையைவிட அஞ்சல் செலவும் சுங்கமும் எத்தனை மடங்கு? உங்கள் கிடங்கில் 17 என்று எழுதிய கவர் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது நான் ஏன் உலகம் சுற்ற வேண்டும்?

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. நம் நாட்டிலேயே பெரியவர்களுக்கென்று ஒரு செட் வருகிறது என்று கேட்டதும் மகிழ்ந்து, கூட வேலை செய்யும் இருவரிடம் சொல்லி அவர்களையும் வாங்க வைத்தவன் நான். வடிவமைத்தவருக்குத் திறமை இருக்கிறது. டிக்கெட் கவுன்டரின் கம்பி ஜன்னலை வேலிப் பாகம் வைத்துச் செய்திருக்கும் அழகை நான் பத்துப் பேருக்குக் காட்டியிருக்கிறேன். அவர் உழைப்பையும் சேர்த்துத்தான் உங்கள் சேவைப் பிரிவு கெடுக்கிறது. தயவுசெய்து இதை அவரிடமாவது காட்டுங்கள்.

ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. 2020-ன் மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மூன்று மாதம் ஆகிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடுத்த வாரம் பேசுவேன். அதிலும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. நான் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டே போடுவேன், நீங்கள்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டியிருக்கும். ஜூலை 9 அழைப்பின் நேரமும் எண்ணும் குறித்து வைத்திருக்கிறேன். பஸ் டிக்கெட், ஆட்டோ கட்டணம், விடுப்புச் சீட்டு, டோக்கன் எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. போனது ஒரு வருஷத்துக்கும் மேலான சேமிப்பு, என் நிம்மதி, என் குடும்பத்தின் மூன்று மாதம். இதற்கு ஒரு லட்சம் கேட்டாலும் தகும்.

கேட்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது 17-ஆம் நம்பர் கவர். அதோடு தளர்ந்த ஒன்பது பிளேட்டுகளுக்கும் உடைந்த அடித்தளத்துக்கும் மாற்று, பயணச் செலவும் ஒரு நாள் சம்பளமும் சேர்த்து 1,640 ரூபாய். ஜூலை 9 அன்று பேசியவர் எனக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடிதம் கிடைத்த 15 நாளில் இவை நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கிருஷ்ணகிரி.

பி.கு.: அதிகப்படியான இரண்டு 14-ஆம் கவர்களையும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். 17-ஐக் கொண்டுவரும் கொரியர்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன். எங்கேயோ ஒருவருக்கு 14 இல்லாமல் போயிருக்கும், அவருக்கு அனுப்பிவிடுங்கள்.