வண்டியைப் பார்க்க நானும் வருகிறேன்

திருச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பையனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

சரி, நீ வாங்கப் பார்க்கும் அந்தப் பழைய பைக் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஒரே கை ஓட்டின வண்டி, இன்ஜின்ல இதுவரைக்கும் கையே வைக்கல’ என்று விற்பவர் சொன்னதை அரைப்பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வரியில் ‘புறப்படும்போது கடகடன்னு சத்தம் வருது, நியூட்ரல் சமயத்துல விழல’ என்று முடித்திருக்கிறாய். என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. போன வருஷம் நான் வாங்கிய பழைய 150 சிசி வண்டியிலும் இதே சத்தத்தோடுதான் எல்லாம் ஆரம்பித்தது.

வாங்கிய மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியை உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்கிவிட்டு, ‘கியர் பாக்ஸ் போச்சு, இன்ஜினை இறக்கணும், பன்னிரண்டாயிரம் ஆகும்’ என்றார்கள். மனசு கேட்கவில்லை. பாலக்கரைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார் என்று சொன்னார்கள், அவரிடம் போனேன். அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். செயின் கவரைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையின் ஒரு விரலால் செயினைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஓர் இடத்தில் செயின் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அரைச் சுற்று தள்ளி அதே செயின் தொங்கியது. ‘பாத்தீங்களா, ஒரே செயின்தான், ஒரு பக்கம் தேஞ்சிருக்கு, ஒரு பக்கம் தேயல. இதுல எங்க டைட் வெப்பீங்க?’ என்றார்.

நம் ஊர் வண்டிகளில் பலவற்றில் செயின் கவர் முழுக்க மூடியிருக்கும். தூசி படாது, நல்லதுதான். ஆனால் அதனாலேயே உள்ளே யாரும் பார்ப்பதில்லை. செயின் ஓடும் பல்சக்கரம்தான் ஸ்பிராக்கெட்; என் வண்டியில் பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக அரிவாள் மூக்கு போல வளைந்திருந்தன. அவர் ஸ்கேல் எடுத்து இருபது கண்ணிகளை அளந்தார். 428 என்கிற அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், அப்படியென்றால் இருபது கண்ணிக்கு 254 வர வேண்டும். வந்தது 260! அவ்வளவு நீண்ட செயினும் தேய்ந்த பல்லும் சேர்ந்தால், புறப்படும்போது செயின் பல்லில் சரியாக உட்காராமல் ஏறி இறங்கும்.

அப்புறம் சக்கரத்தை இறக்கி டிரம் ரப்பரை எடுத்துக் காட்டினார். ஸ்பிராக்கெட்டின் இழுப்பைச் சக்கரத்துக்கு மெத்தென்று கடத்துவது அந்த ரப்பர்தான். என் வண்டியில் அது நொறுங்கி, ஊறின ரஸ்க் மாதிரி கையில் உதிர்ந்தது. நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. நீ கிளட்சை விடும்போதெல்லாம் இரும்பு அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் முட்டினால் கடகடவென்று கேட்காமல் என்ன செய்யும்? செயின், இரண்டு ஸ்பிராக்கெட், ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினோம். செயினை மட்டும் மாற்றாதே மாப்ளே. பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். மாற்றியதும் சத்தத்தில் முக்கால்வாசி போய்விட்டது. பன்னிரண்டாயிரம் சொன்ன இடத்தில் இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

மீதிக் கால்வாசி கியர் பாக்ஸில் நிஜமாகவே இருந்தது. இரண்டாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது, நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே ‘டக்’ என்று கியர் கழன்று இன்ஜின் அலறும். இது ஏன் என்று அவர் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. உள்ளே பினியன்கள், அதாவது கியர் பல்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. நாம் கியர் போடும்போது போர்க் என்கிற கவை போன்ற இரும்பு ஒரு பினியனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதன் பக்கத்தில் இருக்கும் டாக் என்கிற தடித்த பற்கள் அடுத்த பினியனில் போய் மாட்டிக்கொள்கின்றன. அந்த டாக்கின் மூலைகள் மழுங்கிவிட்டால் அழுத்தம் கூடும்போது வழுக்கி வெளியே வந்துவிடும். பெரும்பாலும் இரண்டாவது கியர்தான் முதலில் போகும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுவில் நியூட்ரலைத் தாண்ட வேண்டும். அரைமனதாக மிதிக்கிறவர்களின் வண்டியில் ஒவ்வொரு முறையும் அந்த மூலைதான் அடி வாங்கும்.

ஆனாலும் அவர் உடனே பிரிக்கவில்லை. முதலில் ஆயிலை இறக்கி, ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் விட்டுச் சுற்றினார். காந்தத்தில் மை போலச் சாம்பல் நிறத்தில் ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம், பயமில்லை. எங்களுக்குக் கேழ்வரகு அளவில், ஒரு பக்கம் கூராக, பளபளவென்று மூன்று துண்டுகள் வந்தன. அதைப் பார்த்த பிறகுதான் இன்ஜினை இறக்கினார். டாக் மழுங்கியிருந்தது, போர்க் லேசாக வளைந்து ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு பினியனையும் போர்க்கையும் மாற்றினார். இன்று வரை கழன்றதில்லை.

உன் வண்டியில் நியூட்ரல் விழாதது கியர் பாக்ஸாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் அது கிளட்ச் முழுதாக விடாததால் வருவது. லீவரைப் பிடித்தும் கிளட்சுக்குள் இருக்கும் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டே இழுத்தால், நின்ற இடத்தில் நியூட்ரல் அகப்படாது, இன்ஜின் சூடான பிறகு இன்னும் மோசமாகும். முதலில் கேபிளில் விளையாட்டு, அதாவது லீவர் சும்மா ஆடும் தளர்வு, எவ்வளவு இருக்கிறது என்று பார். சில சமயம் அதை டைட் செய்தாலே தீர்ந்துவிடும். தீராவிட்டால், பிளேட்டுகள் உட்காரும் கூடான கிளட்ச் ஹவுசிங்கில் பிளேட்டின் காதுகள் பள்ளம் போட்டிருக்கலாம். அதற்கும் வலதுபக்க மூடியைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் போதும், இன்ஜினை இறக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறானது ஸ்லிப். டாப் கியரில் நாற்பதில் போகும்போது திடீரென்று முறுக்கு. இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அப்போது என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேள். நம் அறையில் நின்ற ஆர்எக்ஸ் 100 ஞாபகம் இருக்கிறதா? அது டூ ஸ்ட்ரோக், கியர் ஆயில் தனி. இந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் பொதுவாக ஒரே ஆயிலில்தான் ஊறுகின்றன. வழுவழுப்பு கூட்டிய கார் ஆயிலை ஊற்றினால் பிளேட் பிடிக்காது. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ 2’ என்று, இப்படி ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறி போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. வண்டி பார்க்கப் போகும்போது, நாம் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடு. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று நான் நினைப்பேன். நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடு. பிடித்தால் மறைந்து, விட்டால் வரும் உறுமல் கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பேரிங்கிலிருந்தோ கிளட்ச் பக்கத்திலிருந்தோ வருவது. இன்ஜினை அணைத்து இறக்கத்தில் உருட்டும்போதும் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் செயினோ சக்கர பேரிங்கோ. இந்த ஒன்றே பாதி வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கும்பகோணம் வருகிறேன். ஸ்கேலும் டார்ச்சும் என் பையில் இருக்கும். விற்பவரிடம் செயின் கவரைக் கழற்றிப் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லி வை. பையனையும் கூட்டி வா, சக்கரத்தை அவனே சுற்றிப் பார்க்கட்டும். அம்மாவிடம் நான் வருகிறேன் என்று சொல்.

அன்புடன்,
உன் மச்சான்