இரத்தப் புற்றுநோய் மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் மாதவிலக்கைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இரத்தப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மெதுவாக முற்றும் 'சி.எம்.எல்.' என்ற வகைக்கு இப்போது மாத்திரை இருக்கிறது, தினமும் அதைச் சாப்பிட்டுக்கொண்டு பல ஆண்டுகள் நன்றாக வாழலாம் என்று எழுதியிருந்தார் டாக்டர். உண்மைதான், நானே அதற்குச் சாட்சி. பக்க விளைவுகள் என்று குமட்டல், வயிற்றுப்போக்கு, கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு என வரிசையாகச் சொல்லியிருந்தார். அதுவும் சரி. மாதவிலக்கைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அடுத்த பக்கத்தில் தொடர்கிறதோ என்று திருப்பிப் பார்த்தேன். அங்கே ஈரோடு மஞ்சள் விலை நிலவரம் இருந்தது.

நான் ஊத்துக்குளிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வயது நாற்பதை நெருங்குகிறது, இரண்டு பிள்ளைகள். இடது விலாவுக்குக் கீழே கனமாக அழுத்துகிறது, நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை என்று போனபோதுதான் மண்ணீரல் வீங்கியிருப்பது தெரிந்தது. 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவது குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது இது, பரம்பரையாக வருவதில்லை, பிள்ளைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். அன்று முதல் இராச்சாப்பாடு முடிந்ததும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு இமாடினிப் என்ற அந்த மாத்திரை, 400 மில்லிகிராம்.

இந்த மருந்துக்குக் காப்புரிமை கேட்ட வெளிநாட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தள்ளுபடி செய்தது. நம் நாட்டுத் தயாரிப்பு என் போன்றவர்களுக்குத் தடையில்லாமல் கிடைப்பதற்கு அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பல ஆண்டுகள் வாழலாம் என்றால், அந்தப் பல ஆண்டுகளிலும் ஒரு பெண்ணுக்கு மாதந்தோறும் மாதவிலக்கு வந்துகொண்டுதானே இருக்கும்? அதை யார் கணக்கில் எடுப்பது?

வெளியே தெரிகிற மாற்றத்தை ஊர் உடனே கண்டுபிடித்துவிடுகிறது. இமாடினிப் நம்மைப் போன்ற மாநிறத்தவர்களின் தோலை வெளுக்கச் செய்யும். ஒரு கல்யாண வீட்டில் என் ஒன்றுவிட்ட அக்காள் கன்னத்தைத் தடவி, "என்ன அம்மிணி பூசுகிறாய்? எனக்கும் சொல்" என்றாள். சொன்னால் அவள் சாப்பிட்ட பந்தி கசந்துவிடும்; குங்குமப்பூ என்று சொல்லிவைத்தேன். கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை நாமேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

மாத்திரை தொடங்கிய பிறகு என் மாதவிலக்கு ஒழுங்கு கெட்டது. தள்ளிப் போகும், வந்தால் கட்டிகட்டியாக வரும், நிற்காது. செக்கிங் மேசையில் டியூப் லைட் வெளிச்சத்தில் வெள்ளை பனியனில் ஊசிமுனை அளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது; அதற்குத்தான் சம்பளம். அந்த மேசை முன்னால் நாள் முழுக்க நின்றபடி, சேலைக்கு மேல் போட்ட சட்டையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேலை என்று என் வரிசையில் நிற்கிற பெண்களுக்குத் தெரியும். அடிக்கடி பாத்ரூம் போனால் லைன் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையும் தெரியும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த மாத்திரைகள் இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை அடக்கும்போது, முக்கியமாக முதல் மாதங்களில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம், இரத்தப்போக்கு அதிகமாகும். டாசாடினிப் என்ற இன்னொரு மாத்திரையில் எண்ணிக்கை சரியாக இருந்தாலும்கூடத் தட்டணுக்கள் தங்கள் வேலையைச் சரிவரச் செய்யாமல் போகலாம். இவ்வகை மருந்துகள் சிலருக்குத் தைராய்டையும் தொந்தரவு செய்யும். தைராய்டு கெட்டால் மாதவிலக்கும் கெடும். இரத்தசோகை ஏற்கெனவே இந்த மருந்தோடு வருகிற தொல்லை. அதன் மேல் இந்தப் போக்கும் சேர்ந்தால் மாடிப்படி ஏற முடியாது.

இதைச் சொல்லப் போனால் புற்றுநோய்ப் பிரிவில் "பெண்கள் டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார்கள். பெண்கள் டாக்டர் ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் "இதை அங்கேயே கேட்டுவிடுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேருமே நல்ல டாக்டர்கள்தான். இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு வராந்தாதான் இருக்கிறது. அதைக் கடந்து ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதற்குத்தான் வழி இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர் வேறொரு மருத்துவமனையில் இருந்த வயதான நர்ஸ் அம்மா. "காப்பர்-டி போட்டிருக்கிறாயா, கண்ணு?" என்று கேட்டார். போட்டிருந்தேன், இரண்டாவது பிரசவத்தோடு வைத்தது. காப்பர்-டி சாதாரணமாகவே சிலருக்குப் போக்கை அதிகமாக்கும். தட்டணு குறைக்கிற மாத்திரையும் அதுவும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும்? நம் பக்கத்தில் பிரசவத்தோடு காப்பர்-டி வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அந்த ஒரு கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

அதை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. இமாடினிப் சாப்பிடும்போது கருத்தரித்தால் கருவுக்கு ஆபத்து. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரோடு பேசித் திட்டமிட வேண்டும், வேண்டாதவர்களுக்கு நம்பகமான கருத்தடை வேண்டும். எனக்கு இரண்டு டாக்டர்களும் கடைசியில் போனில் பேசி, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிற கருப்பைச் சாதனத்தை வைத்தார்கள். கருத்தடைக்கும் ஆயிற்று, போக்கும் குறையும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் விட்டு விட்டுச் சொட்டும், பயந்துவிடக் கூடாது என்று முன்னாலேயே சொன்னார்கள், அப்படித்தான் இருந்தது. அதற்கு முன் போக்கு அதிகமான நாட்களுக்கு டிரானெக்சாமிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இவை என் உடம்பைப் பரிசோதித்து எனக்குக் கொடுத்தவை. இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் கடைக்கு ஓட வேண்டாம்.

மெடிக்கல் கடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்று போய் நின்றால் கடைக்காரர் கேட்காமலே மெஃபனமிக் அமிலம் கலந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். அது, இபுபுரூஃபன் எல்லாம் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். நம் நோய்க்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாராசிட்டமால்கூட அளவு கேட்டுத்தான். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து என் அத்தை இடுப்பைத் தேற்றப் பார்த்தார். அதை எந்த டாக்டரும் தடுக்கவில்லை. ஆனால் யாரோ சொன்ன கஷாயம், பம்பளிமாஸ் பழச்சாறு என்று வந்தபோது டாக்டர் வேண்டாம் என்று கையை உயர்த்திவிட்டார். கல்லீரல் இந்த மாத்திரையைக் கையாளும் வேகத்தை அவை மாற்றிவிடலாமாம்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். கோவைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலில் சோமனூரில் ஒரு பெண் ஏறுவார். விசைத்தறி ஓட்டுகிறவர், எனக்கு இருக்கும் அதே நோய், அதே மாத்திரை. இரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற பரிசோதனையில் அவருக்கு அளவு ஏறிக்கொண்டே போனது. மருந்து பிடிக்கவில்லை, விலை கூடிய வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். விஷயம் என்னவென்றால், அந்த நாட்களில் போக்கைத் தாங்க முடியாமல் அவர் மாதாமாதம் மாத்திரையை நிறுத்திவிடுவார். நின்ற பிறகு மறுபடி தொடங்குவார். தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே இறங்கினால் டாக்டரே கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வது உண்டு. அது கணக்குப் பார்த்துச் செய்வது. இவர் செய்தது யாருக்கும் தெரியாமல். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டிருக்கிறார்கள். "சாப்பிடுகிறேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். சுற்றி நாலு ஆண்கள் நிற்கும் அறையில் வேறு என்ன சொல்வார்? "மாதவிலக்கு எப்படி இருக்கிறது?" என்று ஒரு நர்ஸ் தனியாக அழைத்துக் கேட்டிருந்தால் அன்றே வெளியே வந்திருக்கும்.

வார்டில் இன்னொன்று பார்த்தேன். கோபிப் பக்கத்துக் கல்லூரிப் பெண், அவளுக்குக் கடுமையான வகை இரத்தப் புற்றுநோய். தட்டணு 10,000-க்கு வந்துவிட்டது. குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். அந்த நிலையில் மாதவிலக்கு வந்தால் நிறுத்துவது கடினம் என்பதால் நோரெதிஸ்டிரோன் மாத்திரை கொடுத்துத் தள்ளிப் போட்டிருந்தார்கள். மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு எடுக்க வேண்டும் என்று நம் பெண்கள் வாங்கிச் சாப்பிடுகிற அதே மருந்துதான். ஆனால் அவளுடைய அம்மிச்சிக்கு மனம் கேட்கவில்லை. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டார். அதைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களில் போக்கு வந்துவிடும் என்பதை அந்தப் பாட்டிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நல்லவேளை, நர்ஸ் பார்த்துவிட்டார். பாட்டியைக் கட்டிலில் உட்காரவைத்து, சேர்வதற்கு உள்ளே எதுவும் இல்லை, கருப்பையின் உள்சுவர் உதிராமல் இந்த மருந்து பிடித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னதும் பாட்டி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். கடும் கீமோதெரபிக்குப் பிறகு சில பெண்களுக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் நின்றுபோகலாம், சிலருக்குத் திரும்பி வராமலே போகலாம், இளம் வயதிலேயே உடம்பு குப்பென்று சூடேறி வியர்க்கலாம். கருமுட்டையைச் சேமிப்பது பற்றிப் பேச வேண்டும் என்றால் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டும். இதெல்லாம் கல்யாணமாகாத பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குகிறார்கள். கல்யாணமாகாதவளிடம்தான் முதலில் பேச வேண்டும்.

எனக்குப் பயன்பட்ட ஒரு வழியைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் கட்டத்திலேயே, மூலையில் சிவப்பு மையில் நாப்கின் எண்ணிக்கையைக் குறித்துவைத்தேன். கட்டி வந்தால் ஒரு வட்டம். என் மாமனார் பால்காரரோடு கணக்குப் பார்க்கும்போது அந்த எண்கள் என்ன என்று கேட்டார். மருந்துக் கணக்கு என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தத் தாள்களைக் கிழித்துக்கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் இரண்டு டாக்டர்களும் போனை எடுத்தார்கள். "ரொம்பப் போகிறது, டாக்டர்" என்று வாயால் சொல்வதற்கும் தேதியோடு தாளை நீட்டுவதற்கும் அவ்வளவு வித்தியாசம். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து அப்படியே சில மணி நேரம் போனாலும், தலை சுற்றினாலும் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கி 2016-இல் பத்மஸ்ரீ பெற்ற அருணாசலம் முருகானந்தம் நம் கோவைக்காரர். 2018-இல் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. வரியும் நீங்கியது. பொருள் கடைக்கு வந்துவிட்டது. பேச்சுதான் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை.

எனவே என் வேண்டுகோள் இரண்டுதான். கொங்கு மண்டலத்தில் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிற மருத்துவமனைகள், அரசு என்றாலும் தனியார் என்றாலும், புறநோயாளிச் சீட்டில் எடை, இரத்த அழுத்தத்துக்குக் கீழே கடைசி மாதவிலக்குத் தேதி, போக்கின் அளவு, கருத்தடை முறை என்று மூன்று வரி சேர்க்க வேண்டும். அதை ஒரு பெண் ஊழியர் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். நோயாளி நேரில் வரும்போது கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் மாதாமாதம் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள்: பாதிப் பெண்களுக்கு வீட்டுக்காரரோ அண்ணனோதான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கம்பெனியில் லீவு கிடைக்காது, மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, எதற்கு இரண்டு டிக்கெட் என்று ஆயிரம் காரணம். அவரிடம் டாக்டர் "வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்பார். "நன்றாக இருக்கிறார்கள் சார்" என்று அவரும் சொல்லிவிட்டு மாத்திரையோடு பஸ் ஏறிவிடுவார்.

இரண்டாவது வேண்டுகோள் தங்களுக்கு. இரத்தநோய் மருத்துவர் ஒருவரையும் பெண்கள் மருத்துவர் ஒருவரையும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். அதை ஞாயிற்றுக்கிழமை பெண்கள் இணைப்பில் போட வேண்டாம். மஞ்சள் விலைக்கு முந்தைய பக்கத்திலேயே போடுங்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் படிக்கிற பக்கம் அதுதான்.

என் பெயரை வெளியிட வேண்டாம். கம்பெனியில் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஊத்துக்குளி, திருப்பூர் மாவட்டம்.